லிங்கனின் கேள்வியும் ரோசாப்பூ துரையும்

அடிமை முறை வேணுமா வேண்டாமா என்பதைப் புதுப் பிரதேசங்களில் குடியேறிய வெள்ளைக்காரர்களே முடிவு பண்ணட்டும், அதுதான் சுயாட்சி என்றார்கள் அமெரிக்காவில் ஒரு தரப்பார். 1854இல் பியோரியாவில் பேசிய லிங்கன் திருப்பிக் கேட்டது எளிமையான கேள்வி: அடிமையும் மனுஷன்தானே? அவன் சம்மதம் இல்லாமல் அவனை ஆண்டால் அதுக்குப் பேர் சுயாட்சியா?

அதே கேள்வி மதுரையிலும் இருந்தது. ஹோம் ரூல் கேட்ட காலத்திலேயே இங்கே பிறமலைக் கள்ளர்கள் மேல் குற்றப் பழங்குடிகள் சட்டம் பாய்ந்தது. திருடினாரா என்ற விசாரணையே கிடையாது, பிறப்பு போதும். கைரேகை வைக்கணும், வெளியூர் போக ராதாரிச் சீட்டு வாங்கணும். ரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு. மாயக்காள் உட்படப் பத்துக்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

ஹோம் ரூல் பேச இங்கிலாந்துக்குக் கப்பலேறி, ஜிப்ரால்டரில் தடுத்துத் திருப்பி அனுப்பப்பட்டவர் மதுரை பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப். அவர் இந்தச் சட்டத்தை எதிர்த்தும் வாதாடினார், எழுதினார். தனக்குக் கேட்ட சுயாட்சியைப் பக்கத்து ஊர்க்காரனுக்கும் கேட்டார். அந்த மக்கள் அவருக்கு வைத்த பேர்தான் ரோசாப்பூ துரை.

சென்னை மாகாணத்தில் சட்டம் ஒழிந்தது 1947இல். அதை எதிர்த்துப் பின்னாளில் போராடிய முத்துராமலிங்கத் தேவரின் சிலை கோரிப்பாளையத்தில் எல்லாருக்கும் தெரியும். ஏ.வி. பாலத்தைத் தாண்டி யானைக்கல்லில் நிற்கிற ஜோசப்பையும் ஒரு தடவை நின்னு பாருங்க.