நீரும் கல்லும் எண்ணெயும்

தமிழ் நாட்டுக் கிணற்றடிகளில் துணி துவைப்பதற்கென்று போடப்பட்ட கருங்கல்லுக்கு இரண்டாவது உத்தியோகம் ஒன்று தலைமுறை தலைமுறையாக இருந்து வந்திருக்கிறது. வேலையெல்லாம் முடித்துக் குளிக்க வருகிற பெண்கள், இரண்டு குடம் நீரைக் காலில் ஊற்றிக்கொண்டு, தோல் நன்றாக ஊறுகிற வரையில் ஊர்க்கதை பேசியிருந்துவிட்டு, குதிகாலை அந்தக் கல்லின் சொரசொரப்பான விளிம்பில் வைத்துத் தேய்ப்பார்கள். அப்புறம் மஞ்சளை உரசிப் பாதத்தின் மேலும் விரலிடுக்குகளிலும் பூசிக் கழுவுவார்கள். பித்தவெடிப்புக் கண்டவர்களானால், இரவு படுக்கப் போகுமுன் விளக்கெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ வெடிப்புக்குள் இறங்கும்படி தடவிக்கொள்வார்கள். வெடிப்பு ஆழமாகி இரத்தம் கசியத் தொடங்கினால், தேங்காயெண்ணெயில் மெழுகை உருக்கி மஞ்சள்பொடி சேர்த்துக் குழைத்து அப்புவதும், நாட்டு வைத்தியரிடம் குங்கிலிய வெண்ணெய் வாங்கி வருவதும் வழக்கம். கல் இல்லாத வீட்டில் செங்கல் துண்டும், அதுவும் கடுமையாகத் தோன்றியவர்களுக்குப் பீர்க்கங்காய் நாரும் இருந்தன.

இன்றைக்கு மருந்துக் கடைகளிலும் பெரிய அங்காடிகளிலும் ‘பெடிக்யூர்’ என்ற பெயரில் அடுக்கி வைத்திருக்கும் ஊறவைக்கும் உப்பு, நுரைக்கல், பிடி வைத்த அரம், குதிகால் களிம்பு முதலியவற்றில் விலை குறைந்தவற்றை வாங்கி வீட்டிலேயே பிரயோகித்துப் பார்க்கிறவர்கள், அவை யாவும் செய்வது ஊறவைத்தல், தேய்த்தல், ஈரத்தை எண்ணெயால் மூடி வைத்தல் ஆகிய அந்த மூன்று காரியங்களே என்பதைச் சில நாளிலேயே உணர்ந்துகொள்வார்கள். இந்தக் காரியங்கள் அழகு கருதியவை என்றும், வேலையற்றவர்களின் பொழுதுபோக்கு என்றும் கருதுகிற ஓர் அபிப்பிராயம் நம்மிடையே உண்டு. பாதத்தைப் பேணிய சரித்திரத்தைச் சற்றுப் பொறுமையோடு பார்த்தால், இவற்றின் அருமையை உலகத்துக்கு நிரூபித்துக் காட்டியவர்கள் நம் நாட்டு மக்களிலேயே மிகவும் ஏழ்மைப்பட்டவர்களும், ஊரால் ஒதுக்கப்பட்டவர்களும்தாம் என்பது விளங்கும்.

அழகின் பொருட்டுப் பாதத்தைப் பேணியதும் பழைய வழக்கமே. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் கோவலனுடைய ஊடலைத் தீர்க்க மாதவி தன்னை ஒப்பனை செய்துகொள்ளும்போது, நறுமண நீரில் குளித்துக் கூந்தலை உலர்த்தியபின் இளங்கோவடிகளின் பார்வை முதலில் செல்வது அவளுடைய பாதங்களில்தான். அவற்றுக்குச் செம்பஞ்சுக் குழம்பு ஊட்டப்படுகிறது, விரல்களில் அணிகள் ஏறுகின்றன, அதன் பிறகே மற்ற ஆபரணங்கள் வரிசையாக வருகின்றன. கல்யாண வீடுகளில் மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்த செந்நிறத்தைப் பெண்ணின் பாதத்தைச் சுற்றி இடும் நலங்கு நம் காலம்வரை நீடிக்கிறது. ஆடி மாதத்தில் மருதாணி இட்டுக்கொள்வதோ, அழகும் ஆரோக்கியமும் ஒன்றையொன்று விட்டுப் பிரியாமலிருந்த வழக்கம். நடவுக் காலத்தில் நாள் முழுவதும் சேற்றில் நிற்கிற பெண்களுக்கு விரலிடுக்கில் தோல் வெளுத்து உரிந்து சேற்றுப்புண் உண்டாகும். மருதாணி இலையை மஞ்சளோடு அரைத்து அங்கே வைத்துக் கட்டுவார்கள். இலையிலுள்ள சாயம் தோலின் மேலடுக்கோடு இரண்டறப் பிணைந்துகொள்வதென்றும், பூஞ்சைகள் சிலவற்றை வளரவொட்டாமல் தடுக்கும் சக்தி அதற்கு உண்டென்றும் பிற்காலத்துப் பரிசோதனைகள் கூறுகின்றன. நகம் களையும் கைங்கரியம் கிராமத்து நாவிதரிடம் இருந்தது. காலில் தைத்து ஒடிந்த முள்ளை எடுப்பதற்கும் அவரைத்தான் தேடுவார்கள்.

பாதத்தின் கதையைச் சொல்ல வருகிறவர் ஒரு கொடுமையைச் சொல்லாமல் கடந்து போகக் கூடாது. வெறுங்கால் என்பது இந்த நாட்டில் வறுமையினால் மட்டும் நேர்ந்ததன்று. தோலைப் பதப்படுத்திப் பாதரட்சை தைத்துக் கொடுத்த மக்களே, மேல்சாதித் தெருக்களில் அதைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்கும்படி நிர்ப்பந்திக்கப்பட்டார்கள். கொதிக்கிற மணலும் கருவேல முள்ளும் எந்தக் கால்களைத் தேடிச் சென்றன என்பதைப் பிறப்பு நிர்ணயித்தது. சேறும் முள்ளும் நிறைந்த நிலத்தில் பாதுகாப்பின்றி நடந்த அந்தக் கால்களில்தான் பின்வரும் வியாதிகளும் வந்து குடியேறின.

வைத்திய உலகத்தில் மதுரையின் பெயர் நிலைத்துவிட்டது ஒரு பாத நோயினால் என்பது பலருக்குத் தெரியாது. 1842-ஆம் ஆண்டில் மதுரை மருந்தகத்தில் பணியாற்றிய கில் என்ற ஆங்கில மருத்துவர், பாதம் உருத்தெரியாமல் வீங்கி, அங்கங்கே கண் திறந்து, அக்கண்களின் வழியே மணல் போன்ற குருணைகள் வெளிப்படுகிற ஒரு நோயை அங்கு வந்த நோயாளிகளிடம் கண்டு எழுதி வைத்தார். ‘மதுரைப் பாதம்’ என்றே அதற்குப் பெயர் வழங்கலாயிற்று. உடற்கூற்று நூல்களில் புகழ்பெற்ற கிரேயின் கிரந்தத்துக்குச் சித்திரங்கள் வரைந்த ஹென்றி வாண்டைக் கார்ட்டர் பிறகு பம்பாயில் மருத்துவராக இருந்தபோது இந்நோயை ஆராய்ந்து, இது பூஞ்சையால் வருவதென்று கருதி, 1860-இல் ‘மைசெட்டோமா’ என்று பெயரிட்டார். நோய்க்குக் காரணமான பூஞ்சை இனங்களில் ஒன்று இன்றும் மதுரையின் பெயரைத் தாங்கி ‘மதுரெல்லா’ என்றே வழங்குகிறது. மண்ணிலிருக்கும் கிருமி, முள் குத்திய சிறு காயத்தின் வழியாக உட்புகுகிறது. வலி அதிகமின்றி ஆண்டுக்கணக்கில் வளர்கிறது. அக்காலத்தில் கடைசியில் காலையே வெட்டியெறிய நேர்ந்தது. ஒரு ஜோடிச் செருப்பும், மாலையில் காலைக் கழுவித் தடவிப் பார்க்கும் பழக்கமும் எத்தனை கால்களைக் காப்பாற்றியிருக்கும் என்று எண்ணும்போது நெஞ்சு கனக்கிறது. உலக சுகாதார நிறுவனம் இந்நோயைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது 2016-ஆம் ஆண்டில்தான்.

ஆனால் பாதத்தைப் பேணுதல் என்பது ஒரு சாஸ்திரமாக உருவெடுத்தது வேலூரில். கொல்லிமலையில் ஊழியம் செய்துகொண்டிருந்த ஆங்கிலத் தம்பதிகளுக்கு 1914-இல் பிறந்தவர் பால் பிராண்ட். அவர் சிறுவனாயிருந்தபோது, தொழுநோய் கண்ட மூன்று பேர் மலையேறி வந்ததையும், வைத்தியம் தெரிந்த அவருடைய தகப்பனார் அவர்களுடைய கால் புண்களைக் கழுவி மருந்திட்டுக் கட்டியதையும் அவர் வாழ்நாள் முழுவதும் மறக்கவில்லை. இங்கிலாந்தில் அறுவை மருத்துவம் பயின்று, 1946-இல் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து சேர்ந்த அவர், செங்கற்பட்டில் ராபர்ட் காக்ரேனின் நிர்வாகத்திலிருந்த தொழுநோய் ஆசிரமத்தைப் பார்க்கச் சென்றார். விரல்கள் மடங்கி விறைத்த கைகளையும், புண் ஆறாமல் தேய்ந்து குறுகிய பாதங்களையும் அங்கே கண்டார். தொழுநோயினால் சதை தானாகவே அழுகி உதிர்கிறது என்பதே மருத்துவர்களும் நோயாளிகளும் ஒருங்கே கொண்டிருந்த நம்பிக்கை. அந்த நம்பிக்கையைத்தான் பிராண்ட் உடைத்தார். நரம்பு மரத்துப் போனதால் வலி தெரியாமற் போகிறது. வலி தெரியாததால் சூடும் கல்லும் ஆணியும் செய்கிற சேதத்தை நோயாளி உணர்வதில்லை. காயம்பட்ட காலோடு நடந்துகொண்டே இருக்கிறார். ஆகையால் பாதம் அழிகிறதே தவிர, தொழுநோயாளியின் சதையும் மற்றவர் சதையைப்போல் ஆறக்கூடியதே என்று அவரும் அவருடைய சகாக்களும் ஆண்டுக்கணக்கான கவனிப்பினால் கண்டார்கள். இரவில் உறங்கும்போது எலிகள் வந்து விரலைக் கடித்துச் செல்வதும் தெரியாதிருந்த நோயாளிகளுக்கு, வீடு திரும்பும்போது ஒரு பூனைக்குட்டியைக் கொடுத்தனுப்பும் வழக்கம் அக்காலத்தில் ஏற்பட்டது.

பிராண்ட் தம் நூலில் சொல்லியிருக்கும் ஒரு சம்பவம் உண்டு. கடற்பயணம் முடிந்து இங்கிலாந்தில் இறங்கிய ஓர் இரவில், காலுறையைக் கழற்றும்போது தம் குதிகாலில் உணர்ச்சியில்லை என்று அவருக்குத் தோன்றிற்று. ஊசியால் குத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. நோயாளிகளோடு பழகிய தமக்கும் அந்நோய் வந்துவிட்டதென்று விடியும்வரை கலங்கிக் கிடந்தார். காலையில் மறுபடியும் குத்தியபோது சுரீரென்று வலித்தது. பிரயாணத்தில் ஒரே நிலையில் உட்கார்ந்திருந்ததால் நரம்பு மரத்திருந்திருக்கிறது. அந்த வலிக்காக அவர் கடவுளுக்கு நன்றி செலுத்தினார். வலியை ஓர் அருட்கொடை என்று பிற்காலத்தில் அவர் ஓயாமல் எழுதியும் பேசியும் வந்ததற்கு அந்த இரவும் ஒரு காரணம்.

வேலூருக்கு அருகிலுள்ள கரிகிரியில் 1955-இல் தொழுநோய் ஆராய்ச்சிக்கென்று தனி மருத்துவமனை எழுந்தது. அங்கே நோயாளிகளுக்குக் கற்பிக்கப்பட்ட பாதப் பராமரிப்பைக் கேட்டால், கிணற்றடிப் பெண்களே வந்து பாடம் நடத்தினார்களோ என்று எண்ணத் தோன்றும். நோயினால் வியர்வைச் சுரப்பிகளை ஆளும் நரம்புகளும் கெட்டுப்போகின்றன. தோல் காய்ந்து தடித்து வெடிக்கிறது. வெடிப்பு வழியே சீழ் ஏறி எலும்பைத் தொடுகிறது. ஆகவே நாள்தோறும் அரை மணி நேரம்போல் சாதாரண நீரில் காலை ஊறவைக்க வேண்டும். தடித்த தோலைச் சொரசொரப்பான கல்லால் மெதுவாகத் தேய்த்துக் கரைக்க வேண்டும். துடைத்து முழுவதும் உலர்த்திவிடாமல், ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவ வேண்டும். அதன்பின் ஒவ்வோர் அங்குலமாகக் கண்ணால் பார்த்துச் சிவப்போ சூடோ இருக்கிறதா என்று சோதிக்க வேண்டும். உணர்ச்சி செய்யவேண்டிய வேலையைக் கண் செய்வதால், இந்தக் கடைசி விதியே எல்லாவற்றிலும் பிரதானம். ஒரு வாளி, ஒரு கல், கொஞ்சம் எண்ணெய் என்ற அளவில், பிச்சையெடுத்துப் பிழைத்தவர்களாலும் கைக்கொள்ள முடிந்த சிகிச்சை இது. ஆறாத புண்ணுக்கு, இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் கையாண்டதைப்போல், காலோடு ஒட்டிய மாவுக்கட்டுப் போட்டு அழுத்தத்தைப் பரப்பி ஓய்வு கொடுத்தார்கள். இந்த முறையைப் பிராண்ட் அமெரிக்காவுக்கும் கொண்டு சென்றார்.

செருப்பு விஷயத்திலும் அவ்வாறே. ஆணியடித்த பாதரட்சை தொழுநோயாளிக்கு ஆபத்து. ஆணி மேலெழும்பிக் காலில் ஏறினாலும் அவர் அறியமாட்டார். பலவற்றைச் சோதித்தபின், நுண்ணிய காற்றறைகள் நிறைந்த மெத்தென்ற ரப்பரை உள்ளடியாக வைத்து, பசையால் ஒட்டி, குதிகாலுக்குப் பின்பட்டை கொடுத்துச் செருப்புகள் செய்தார்கள். மைக்ரோ செல்லுலார் ரப்பர் என்ற நீண்ட பெயரைச் சுருக்கி எம்.சி.ஆர். செருப்பு என்று அது வழங்கலாயிற்று. புண்ணைத் தடுத்த அந்தக் கறுப்புச் செருப்பே இன்னார் தொழுநோயாளி என்று ஊருக்குக் காட்டிக்கொடுக்கும் அடையாளமாகிவிட்டதால், வெட்கத்தினால் அதைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு சந்தைக்குப் போய்ப் புண்ணோடு திரும்பியவர்களும் உண்டு.

1980-களில் பரவிய கூட்டு மருந்துச் சிகிச்சையினால் தொழுநோய் வெகுவாகக் குறைந்தது. 2005-இன் இறுதிக்குள், அது பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக இருந்த நிலை நீங்கிவிட்டதென்று இந்தியா அறிவித்தது. அதற்குள் சர்க்கரை வியாதி அந்த இடத்தை நிரப்பத் தொடங்கியிருந்தது. அதிலும் நரம்பு மரக்கிறது, தோல் காய்கிறது, வலியில்லாத புண் வருகிறது. கரிகிரியில் கற்ற பாடம் பெரும்பாலும் பொருந்தியது. எம்.சி.ஆர். செருப்பு இன்று கடைத்தெருச் செருப்புக் கடைகளிலேயே பல வண்ணங்களில் கிடைக்கிறது. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள் யாரும் முகத்தை மறைத்துக்கொள்வதில்லை. ஒரு காலத்தில் அவமானத்தின் சின்னமாக இருந்த பொருளுக்கு இந்த மரியாதை கிடைத்தது எனக்கு மிகுந்த திருப்தியளிக்கிறது.

களிம்புகளின் கதை சுருக்கமானது. பென்சில்வேனியாவின் எண்ணெய்க் கிணறுகளில் துளையிடும் தண்டுகளின்மேல் படிந்த மெழுகை எடுத்துச் சுத்திகரித்து, 1872-இல் காப்புரிமை பெற்று, ராபர்ட் செஸ்ப்ரோ விற்பனைக்குக் கொண்டுவந்த வாஸலின், நம் பாட்டிமாரின் மெழுகெண்ணெய் செய்த வேலையையே செய்கிறது. நீரை உள்ளே அடைத்து வைப்பதற்கு மேல் அது ஒன்றும் செய்வதில்லை, அதுவே போதுமானதும்கூட. யூரியா சேர்ந்த களிம்பு ஒரு படி மேலே போகிறது. யூரியா நீரைத் தோலுக்குள் பிடித்து நிறுத்துவதோடு, அளவு கூடும்போது தடித்த தோலை இளக்கவும் செய்கிறது. அட்டையில் நூற்றுக்குப் பத்து முதல் இருபத்தைந்துவரை யூரியா என்று அச்சிட்டிருக்கும் எந்தக் குழாயும், படாடோபமான பெயரும் வாசனையும் உள்ள விலையுயர்ந்த களிம்புக்கு இளைத்ததன்று என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். நுரைக்கல்லும் அப்படியே, பெட்டியில் வருகிற மின்சார அரத்தைவிட அது மெதுவாகத் தேய்க்கிறது, அந்த மெதுவே அதன் குணம். ஊறவைக்கும் உப்புகளால் வெறும் நீருக்கு மேல் பிரயோஜனம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இரண்டு பொருள்களைப் பற்றி மட்டும் எச்சரிக்க வேண்டும். கால் ஆணிக்கென்று விற்கும் வட்டப் பிளாஸ்திரியில் ஸாலிஸிலிக் அமிலம் இருக்கிறது; அது ஆணியைக் கரைப்பதோடு சுற்றியுள்ள நல்ல தோலையும் அரித்துவிடும். பிளேடு பொருத்திய சீவுகருவியோ ஒரு கணத்தில் ஆழமாக வெட்டிவிடும். சர்க்கரை வியாதி உள்ளவர்கள் இவ்விரண்டையும் தொடவே கூடாது. ஆணியை மருத்துவரிடம் காட்டி எடுத்துக்கொள்வதே உசிதம். அவர்கள் காலை ஊறவைப்பதானால் அதற்கும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, வெந்நீரைத் தவிர்த்து, நீரின் சூட்டைக் காலால் பார்க்காமல் முழங்கையால் பார்த்து, சிறிது நேரத்தில் எடுத்துவிட வேண்டும். விரலிடுக்கை நன்றாக ஒற்றி உலர்த்திய பிறகே களிம்பை எடுக்க வேண்டும்; களிம்பு குதிகாலுக்கும் உள்ளங்காலுக்கும் மட்டும், இடுக்குகளுக்கு வேண்டாம். அடிப்பாதம் கண்ணுக்கு எட்டாத முதியவர்கள் தரையில் ஒரு கண்ணாடியை வைத்து அதன்மேல் காலைத் தூக்கிப் பிடித்துப் பார்க்கலாம், அல்லது வீட்டில் பார்வை நன்றாயுள்ள பேரப்பிள்ளைகளைத் தினமும் ஒரு முறை பார்த்துச் சொல்லச் சொல்லலாம்.