தரைக்கும் உடம்புக்கும் நடுவே

வேட்டை முகாமுக்குப் படுக்கைப் பை வாங்குகிறவர்கள் கேட்பதெல்லாம் மேலே போர்த்துவதைப் பற்றித்தான். எத்தனை பாகை குளிர் தாங்கும், உள்ளே இருப்பது வாத்து இறகா செயற்கைப் பஞ்சா, தூக்கிப் போக எவ்வளவு பாரம்? ரொறன்ரோவில் அந்தப் பைகளைத் தைக்கும் பட்டறை ஒன்றில் பல வருடம் தையல் மெஷினுக்கு முன்னால் இருந்தவள் நான். துணியை அறை அறையாகத் தடுத்து, ஒவ்வொரு அறைக்குள்ளும் இறகை நிரப்பி, வாய் மூடித் தைப்போம். மேல்பாதிக்குப் போட்ட அதே இறகைத்தான் கீழ்ப்பாதிக்கும் போட்டோம். ஆள் ஏறிப் படுத்ததும் கீழே உள்ள இறகு நசுங்கிக் காற்றெல்லாம் வெளியேறிவிடும். இறகுக்குள் அசையாமல் நிற்கும் காற்றுதான் குளிரை மறிக்கிறது. அது போனபின் முதுகுக்கும் உறைந்த நிலத்துக்கும் நடுவே இருப்பது இரண்டு மடிப்புத் துணி மட்டுமே.

வட கனடாவின் இனுயிட் மக்கள் இதைத் தலைமுறை தலைமுறையாக அறிந்திருந்தார்கள். அவர்களுடைய படுக்கை கீழிருந்து தொடங்கும்.

நெட்சிலிக் இனுயிட்களின் குளிர்கால முகாமை எடுத்துக்கொள்வோம். கிங் வில்லியம் தீவைச் சுற்றியுள்ள கடல் உறைந்ததும் குடும்பங்கள் நிலத்தை விட்டுப் பனிக்கட்டிக்கு மேல் போய்க் குடியேறும். 1923ல் டென்மார்க்கின் ஆய்வுப்பயணி க்னூட் ராஸ்முசென் அவர்களிடம் போய்ச் சேர்ந்தபோதும் அந்த வாழ்க்கை நடந்துகொண்டிருந்தது. ஒரு சீல் மூச்சு விடுவதற்கென்று பனிக்கட்டியில் பல துளைகளைத் திறந்து வைத்திருக்கும். எந்தத் துளைக்கு வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் துளைக்கு ஒருவராகப் பலர் நிற்க வேண்டும், பல குடும்பங்கள் ஒன்றாகத் தங்க வேண்டும். வெளியே குளிர் மைனஸ் 40 பாகை. கையில் ஈட்டியுடன், காலை மாற்றி வைத்தால்கூடச் சத்தம் கேட்டுவிடும் என்று, மணிக்கணக்காகக் குனிந்து நிற்பார்கள். அப்படி நின்றவன் இரவில் நன்றாக உறங்காவிட்டால் மறுநாள் நிற்க முடியாது. அவன் நிற்காவிட்டால் வீட்டில் விளக்குக்கும் எண்ணெய் இல்லை, வாய்க்கும் இறைச்சி இல்லை. ஆகவே நல்ல படுக்கையும் ஈட்டி மாதிரி ஒரு வேட்டைக் கருவிதான்.

பனிவீட்டின் வாசல் தரையைவிடத் தாழ்ந்த ஒரு சுரங்கம். கனத்த குளிர்காற்று அங்கே தங்கிவிடும். வீட்டின் பின்பாதி முழுவதும் உயர்த்திய பனித்திண்ணை. அதன்மேல்தான் படுக்கை, அதாவது சூடான காற்று நிற்கும் உயரத்தில். கூரையில் ஒரு சிறு துளை, மூச்சுக்காற்றும் புகையும் போவதற்கு. 1883–84ல் பாஃபின் தீவில் தங்கிய மானிடவியலாளர் ஃப்ரான்ஸ் போவாஸ் இன்னொரு நுட்பத்தையும் எழுதி வைத்திருக்கிறார். அங்கே சுவரின் உட்புறத்தில், பனியைத் தொடாமல் இடைவெளி விட்டு, சீல் தோல்களைத் தொங்கவிடுவார்கள். உள்ளே எவ்வளவு சூடு ஏறினாலும் பனிச்சுவர் உருகிச் சொட்டாது.

இனித் திண்ணைக்கு வருகிறேன், எனக்கு உயிரான பகுதி இதுதான். வெறும் பனிமேல் முதலில் ஒரு தடுப்பு. இடத்துக்கு இடம் அது மாறும். சில இடங்களில் குட்டை வில்லோச் சுள்ளிகளைக் கட்டிய பாய், சில இடங்களில் பழைய கயாக் படகின் தோல். அதன்மேல் கரிபு மானின் கனத்த தோல், மயிர்ப்பக்கம் கீழே பார்க்க. அதற்கும் மேல் இன்னொரு தோல், மயிர்ப்பக்கம் மேலே பார்க்க. போர்வை அதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணத்தில் மார்கழி மாதம் சிமெந்துத் தரையில் படுக்கும்போது, போர்வை தருவதற்கு முன் பாய்க்குக் கீழே சாக்கு விரித்துத் தருவாள் என் அம்மம்மா. அவள் கைக்குத் தெரிந்ததும் இதேதான்.

இரண்டு தோலையும் எதிரெதிராக ஏன் போட வேண்டும்? கரிபுவின் நீண்ட மயிர் ஒவ்வொன்றுக்குள்ளும் நுண்ணிய காற்றறைகள் இருக்கின்றன. இறகில் காற்று இழைகளுக்கு நடுவே நிற்கிறது, கரிபு மயிரிலோ இழைக்குள்ளேயே அடைபட்டிருக்கிறது. மேலே ஆள் படுத்தாலும் அந்தக் காற்று ஓடிப்போக இடமில்லை. கீழ்த்தோலின் மயிர் பனியின் பக்கம் ஒரு காற்றுப்படலத்தை வைக்கிறது, மேல்தோலின் மயிர் உடம்பின் பக்கம் இன்னொன்றை. இதைவிட நல்ல அடைப்பை நான் தைத்ததில்லை. அதற்கு ஒரு குறையும் உண்டு. அந்த மயிர் எளிதில் முறியும், உதிரும். இலையுதிர் தொடக்கத்துத் தோல் மெல்லியது என்பதால் உடுப்புக்குப் போகும். குளிர்காலம் நெருங்க நெருங்கக் கனக்கும் தோல் படுக்கைக்கு.

குடும்பம் முழுவதும் ஒரே திண்ணையில், தலையை வாசல் பக்கம் வைத்து, உடுப்பைக் கழற்றிவிட்டுத் தோல்களுக்கு அடியில் வரிசையாகப் படுப்பார்கள். அந்தக் குளிரில் உடுப்பைக் கழற்றுவதா என்று திகைக்கத் தோன்றும். பகல் முழுவதும் வியர்த்த உடுப்பு ஈரமானது. அதோடு படுத்தால் ஈரம் படுக்கைக்குள் போகும், படுக்கை மெல்ல மெல்ல உறையும். கழற்றிய உடுப்பும் காலணியும் விளக்குக்கு மேலே உள்ள காய்ச்சட்டத்துக்குப் போகும். மாக்கல்லில் குடைந்த பிறைவடிவ விளக்கு அது, குல்லிக் என்று பெயர். சீல் கொழுப்பைத் தட்டி எண்ணெயாக்கி, பாசியும் பஞ்சுப்புல்லும் சேர்த்த திரியை விளிம்பு நீளத்துக்கும் பரப்பி எரிப்பார்கள். திரியைத் தட்டிச் சமன் செய்து சுடரைப் புகையாமல் காப்பது வீட்டுப் பெண்ணின் வேலை. தோலைச் சுரண்டி மென்மையாக்கியதும், தசைநார் நூலால் தைத்ததும் அவளே. வேட்டையைப் பற்றிய புத்தகங்களில் ஈட்டி எறிந்தவனுக்குப் பத்துப் பக்கம் இருக்கிறது. அவன் காலையில் உலர்ந்த காலணியோடு வெளியே போகக் காரணமானவளுக்கு ஒரு பத்திதான். தைத்துப் பிழைத்தவள் என்பதால் அந்த ஒரு பத்தி எனக்கு வலிக்கிறது.

நல்ல தோல் மட்டும் இருந்தால் போதாது என்பதற்கு 1911ல் அண்டார்க்டிகாவில் நடந்த ஒரு பயணமே சாட்சி. தென்துருவத்தை எட்டப் போன பிரிட்டனின் ஸ்காட் குழுவைச் சேர்ந்த வில்சன், பவர்ஸ், செர்ரி-காரர்ட் மூவரும் எம்பரர் பெங்குவின் முட்டைகளைத் தேடி, ஜூன் 27ல், இருட்டான நடுக்குளிர்காலத்தில் புறப்பட்டார்கள். மைனஸ் 60 பாகைவரை கண்டார்கள். அவர்களுடைய பைகள் ரெயின்டீர் தோலால் ஆனவை, அதாவது கரிபுவின் ஐரோப்பிய உறவு. உள்ளே இறகு விரிப்பும் இருந்தது. ஆனால் கூடாரத்தில் உலர்த்த வழியில்லை. அன்றன்றைய வியர்வையும் மூச்சும் பைக்குள் உறைந்து தங்கின. செர்ரி-காரர்டின் பையும் விரிப்பும் சேர்ந்து புறப்படும்போது ஏறத்தாழ 8 கிலோ, திரும்பும்போது 20 கிலோ. கூடிய 12 கிலோவும் பனிக்கட்டி. பவர்ஸ் தன் சொந்த இறகு விரிப்பை எடுத்து நண்பனுக்குக் கொடுத்துவிட்டார். அந்தப் பயணத்தைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

ஸ்காட்டோடு போட்டியிட்ட நோர்வேக்காரர் அமுண்ட்செனோ முன்பே, 1903 முதல் 1905 வரை இரண்டு குளிர்காலம் கிங் வில்லியம் தீவில் நெட்சிலிக் மக்களின் அயலில் தங்கி, தோலுடுப்பையும் பனிவீடு கட்டுவதையும் அவர்களிடம் படித்தார். 1911 டிசம்பரில் தென்துருவத்தைத் தொட்டபோது அந்தப் படிப்பும் கூடவே போயிருந்தது.

அவருக்கு முந்திய நோர்வேப் பயணிகள் நான்சென், யோஹான்சென் இருவரின் கதையும் வேட்டை முகாம் கதைதான். வடதுருவத்தை எட்ட முடியாமல் திரும்பியவர்கள், 1895–96 குளிர்காலத்தை ஃப்ரான்ஸ் ஜோசப் நிலத்தில் கரடியும் வால்ரஸும் சுட்டுத் தின்று கழித்தார்கள். நிலத்தைத் தோண்டி, கல்லும் பாசியும் வைத்துச் சுவர் எழுப்பி, வால்ரஸ் தோலால் கூரை போட்டார்கள். கொழுப்பு விளக்குதான் வெளிச்சம். கம்பளிப் பையைப் பிரித்து ஆளுக்கொன்றாகத் தனித்தனியே படுத்துப் பார்த்தார்கள். குளிர் தாங்கவில்லை. மறுபடி இரண்டையும் சேர்த்துத் தைத்து, கரடித்தோலை விரித்து, ஒரே பைக்குள் ஒட்டிப் படுத்தார்கள். சில நாட்களில் இருபது மணிநேரம்வரை உறங்கினார்கள்.

ஆலையில் தைத்துச் சந்தைக்கு வந்த பையின் தொடக்கம் வேல்ஸில், நியூடவுன் என்ற ஊரில். கம்பளி வணிகர் பிரைஸ் பிரைஸ்-ஜோன்ஸ் 1876ல் ஒரு மடிப்புக் கம்பளத்துக்குக் காப்புரிமை வாங்கினார். காற்றூதும் தலையணை அதிலேயே இருந்தது. ரஷ்ய ராணுவத்துக்குப் பெருந்தொகையாக அனுப்பினார். அதற்குப் பின் இறகு வந்தது, நைலான் வந்தது, ஜிப் வந்தது. பையின் மேல்பாதி வருடத்துக்கு வருடம் நுட்பமாகிக்கொண்டே போனது. நசுங்கினாலும் காற்றைப் பிடித்து வைக்கும் நுரைப் பாயும் தானாக ஊதிக்கொள்ளும் மெத்தையும் பரவலானது 1970களுக்குப் பிறகுதான். மெத்தை தாங்கும் குளிரை ஒரே முறையில் அளக்கும் பொதுத்தரம் இன்னும் பிந்தி, ஏறத்தாழ 2018 அளவில் வந்தது.

1950, 60களில் இனுயிட் குடும்பங்கள் பெரும்பாலும் அரசு அமைத்த குடியிருப்புகளுக்கு நகர்ந்தன. பனிவீடு நாளாந்த வீடாக இல்லாமற்போனது. ஆயினும் ஸ்னோமொபைலில் வேட்டைக்குப் போகிறவர்கள் கேன்வாஸ் கூடாரத்தையும் மண்ணெண்ணெய் அடுப்பையும் ஏற்றும்போது, இழுவண்டியில் கரிபுத் தோலையும் சுருட்டிக் கட்டுகிறார்கள். கடையில் வாங்கிய பை அதன்மேல்தான் விரிகிறது. பாஃபின் தீவில் கரிபு மிகக் குறைந்துபோய், 2015 ஜனவரியில் வேட்டையையே நிறுத்த வேண்டி வந்தது. பிறகு தீவு முழுவதற்கும் ஆண்டுக்கு 250 ஆண் மான்கள் என்ற கட்டுப்பாட்டோடு திறந்தார்கள். அந்த 250 தோலிலிருந்துதான் குழந்தைகளின் குளிர் உடுப்பும் வர வேண்டியிருந்தது, வேட்டைக்காரரின் படுக்கையும் வர வேண்டியிருந்தது.