பொதுச் சுகாதாரம் படித்தால் என்ன வேலை? பட்டதாரிகள் சொல்வதும் பெற்றோர் கேட்க வேண்டியதும்

சுங்கை பாக்காப், ஜாவி, நிபோங் திபால் பக்கம் ஒரு பிள்ளை பொதுச் சுகாதாரம் படிக்கப் போகிறது என்றால் வீட்டில் எழும் முதல் கேள்வி: "டாக்டரா, நர்ஸா?" இரண்டும் இல்லை. நோய் வந்தவருக்கு மருந்து கொடுப்பது மருத்துவம். ஊருக்கே நோய் வராமல் பார்ப்பது பொதுச் சுகாதாரம். தோட்டத்து டிரெசர் அந்தக் காலத்தில் இரண்டையும் சேர்த்தே பார்த்தார். இன்று அது தனித்தனிப் படிப்பு, தனித்தனிப் பதவி.

டிங்கி பரவும் வீடமைப்புப் பகுதியில் கொசுப்புழு தேடுவது, பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் உணவு நச்சானால் மாதிரி எடுப்பது, குடிநீரைச் சோதிப்பது, தொற்று கண்டவரின் தொடர்புகளைத் தேடுவது எல்லாம் இந்தத் துறை வேலை. சுகாதார அமைச்சின் பயிற்சிக் கழகத்தில் எஸ்.பி.எம். தகுதியோடு 3 ஆண்டு டிப்ளோமா படித்தவர் துணைச் சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி ஆகலாம். பழைய பெயரில் சொன்னால் ஹெல்த் இன்ஸ்பெக்டர். பட்டப்படிப்பு வேறு வழி. ஒரு குழப்பத்தையும் தீர்த்துக்கொள்வது நல்லது: பக்கத்தில் நிபோங் திபாலில் இருக்கும் யு.எஸ்.எம். வளாகம் பொறியியலுக்கு. அதன் சுகாதார வளாகம் கிளந்தான், குபாங் கிரியானில் உள்ளது.

படித்து முடித்தவர்களின் பொதுவான குறை, ஏடு அதிகம், களம் குறைவு என்பதே. புள்ளியியலும் தொற்றுநோயியலும் நன்றாகக் கற்கிறார்கள். வேலைக்குப் போனதும் கையில் இருப்பது 1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் ஒழிப்புச் சட்டம், 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டம், 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டம். கோபத்தில் இருக்கும் வீட்டுக்காரரிடம் அபராதக் கடிதத்தை நீட்டுவதற்கும், அன்றே மலாய் மொழியில் அறிக்கை எழுதுவதற்கும் பாடத்தில் இடம் குறைவு. இது இங்கு மட்டும் உள்ள குறையும் அல்ல. 2010இல் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்ட உலக ஆணையத்தின் அறிக்கையும், சுகாதாரத் துறையினர் கற்பது ஒன்று, மக்களுக்குத் தேவைப்படுவது வேறு என்றே சொன்னது.

அடுத்தது பதிவு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 2016ஆம் ஆண்டின் துணைச் சுகாதாரத் தொழில்கள் சட்டம் (சட்டம் 774) 23 தொழில்களைப் பட்டியலிடுகிறது. சுற்றுச்சூழல் சுகாதார அதிகாரி, சுகாதாரக் கல்வி அதிகாரி, ஊட்டச்சத்து நிபுணர் ஆகியோர் அதில் உண்டு. பட்டச் சான்றிதழில் 'சுகாதாரம்' என்ற சொல் இருந்தால் மட்டும் போதாது. அந்தப் படிப்பு பதிவுக்கு ஏற்கப்படுகிறதா என்பதே கேள்வி.

அரசு வேலைக்காக மட்டும் காத்திருக்கத் தேவையில்லை. பத்து காவானும் சிம்பாங் அம்பாட்டும் தொழிற்சாலைகள் நிறைந்த இடங்கள். வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. பாதுகாப்பு அதிகாரி வைக்கும் கட்டாயம் இல்லாத நிறுவனமும், 5 பேரையோ அதற்கு மேலோ வேலைக்கு வைத்திருந்தால் ஓர் ஒருங்கிணைப்பாளரை நியமித்தாக வேண்டும். பாதுகாப்பு அதிகாரி ஆக விரும்பும் பட்டதாரி தனிப் பயிற்சி, தேர்வு, ஜே.கே.கே.பி. பதிவு ஆகியவற்றையும் முடிக்க வேண்டும்.

நம் பிள்ளைகளிடம் சான்றிதழில் வராத ஒரு தகுதி உண்டு: தமிழ். 2019 தேசிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது மிக அதிகம். மூவரில் ஒருவருக்குச் சுகாதாரத் தகவலைப் புரிந்து பயன்படுத்தும் திறன் குறைவு என்பதும் அதே ஆய்வில் தெரிந்தது. பால்மரம் வெட்டி ஓய்வுபெற்ற பாட்டிக்குச் சர்க்கரை அளவை அவர் மொழியில் விளக்கத் தெரிந்தவர் கிளினிக்கில் எத்தனை பேர்?

இடம் கிடைத்த கடிதம் வந்ததும் பல்கலைக்கழகத்திடம் மூன்றைக் கேட்கலாம். எம்.கியூ.ஏ. அங்கீகாரம் உண்டா? சட்டம் 774இன் கீழ் பதிய முடியுமா? களப்பயிற்சி எத்தனை வாரம், எங்கே? உயர்கல்வி அமைச்சு பட்டமளிப்பு வேளையில் பட்டதாரிகளிடம் படிப்பு பற்றியும் வேலை பற்றியும் ஆய்வு நடத்துகிறது. அந்தப் படிப்புக்கு வந்த முடிவு என்ன என்றும் தயங்காமல் கேளுங்கள். கல்விக் கடனில் கையெழுத்திடும் முன்பே கேட்டுவிடுங்கள்.