குற்றாலத்துக்கு வந்த கிராம்பு மரம்

முக்கூடற்பள்ளு பாடும் முக்கூடல் இன்றைய சீவலப்பேரி என்பர். அங்கே தாமிரபரணியோடு கலக்கும் சிற்றாறு குற்றால மலையில் பிறப்பது. அந்த மலையடிவாரத்தில் 1800ஆம் ஆண்டு வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி ஒரு வாசனைப் பொருள் தோட்டம் வைத்திருந்தது. இந்தியாவில் கிராம்பு மரம் முதலில் வளர்க்கப்பட்டது அங்கேதான்.

"கிராம்பு நம் அஞ்சறைப் பெட்டியில் எத்தனையோ தலைமுறையாக இருக்கிறதே?" என்று நீங்கள் கேட்கலாம். பண்டம் பழையது, மரந்தான் புதியது. கப்பல் கப்பலாக வந்திறங்கிய கிராம்பை நம்மவர் ஏன் நட்டு வளர்க்கவில்லை? ஒரு கிராம்பை எடுத்து உற்றுப் பாருங்கள். ஆணி போன்ற காம்பு, அதன் தலையில் நான்கு பற்கள், நடுவே ஒரு சிறு உருண்டை. அந்த உருண்டை விரியாத இதழ்களே. வெந்நீரில் ஊறவைத்துப் பிரித்தால் உள்ளே மடங்கிக் கிடக்கும் மகரந்தத் தாள்கள் தெரியும். ஆம், கிராம்பு விதையன்று, மலராத மொட்டு! அதை நட்டால் முளைக்குமா?

மொட்டை மலரவிட்டுக் காய்க்கவைத்தால் விதை கிடைக்கும். ஆனால் அது உலர்ந்தால் செத்துவிடும். நெல்லைப் போலக் குதிரில் போட்டுவைக்க முடியாது. கடல் கடக்க வேண்டுமானால் பெரும்பாலும் உயிருள்ள கன்றாகத்தான் கடக்க வேண்டும். எனவே டெர்னாட்டே, டிடோர் முதலிய மொலுக்காத் தீவுகளின் கடலோர மழைக்காட்டை விட்டு அந்தச் சிறு மரம் நெடுங்காலம் வெளியேறவில்லை.

இயற்கை போட்ட பூட்டின்மேல் டச்சுக்காரர் இன்னொரு பூட்டும் போட்டனர். 1605இல் அம்போன் தீவைப் பிடித்தவர்கள், விலை சரியாமலிருக்கச் சாகுபடியை அதன் வட்டாரத்திலேயே சுருக்கினர். 1652 முதல் டெர்னாட்டே சுல்தானுக்குப் பணம் கொடுத்து, பிற தீவுகளில் இருந்த மரங்களை வெட்டச் செய்தனர். அம்மரத்தையே நம்பிப் பிழைத்த மக்கள் எதிர்த்தனர், போர் மூண்டது. ஹோவமோல் என்னும் தீபகற்பமே ஆளற்றுப் போயிற்று. நம் சோற்றில் மணக்கும் மொட்டுக்கு இப்படியும் ஒரு வரலாறு!

1770இல் பியேர் புவாவ்ர் என்ற பிரெஞ்சுக்காரரின் முயற்சியால் கன்றுகள் கள்ளத்தனமாக மொரீஷியஸ் சேர்ந்தன. 1796இல் ஆங்கிலேயர் அம்போனைக் கைப்பற்றினர். சில ஆண்டுகளில் குற்றாலத் தோட்டத்தில் கிராம்பு வளர்ந்தது. கம்பெனி நாடியது தன் லாபத்தையே. ஆயினும் ஆரியங்காவுக் கணவாய் வழியே வரும் சாரல் மரத்துக்கு ஒத்துப்போயிற்று. 1850க்குப் பின் நீலகிரியின் பர்லியாற்றுக்கும், தென் திருவிதாங்கூர் மலைகளுக்கும் அது பரவியது. இன்று கன்னியாகுமரி மாவட்டத்து மலைச்சரிவுகளே தமிழ்நாட்டில் கிராம்புக்குப் பெயர்பெற்றவை. 2021இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே மொட்டு சிவக்கத் தொடங்கியதும் கொத்தோடு பறித்துவிடுவார்கள். மலர்ந்துவிட்டால் சரக்குக்கு மதிப்பில்லை. விதைக்கென்று விட்டுவைத்த மரங்களில்தான் கிராம்புப் பூவை நீங்கள் ஆர அமரப் பார்க்க முடியும்.