வெறுங்கால் வீரர்கள்

மோகன் பகான் ரசிகர்களின் முதல் நாயகர்கள், 1911-ல் ஆடிய பதினோரு பேர்தான். அந்த அணியைக் கண்ணால் பார்த்தவர் யாரும் இன்று இல்லை. ஆனாலும் கதை மறையவில்லை.

1911 ஜூலை 29. கல்கத்தாவில் ஐ.எஃப்.ஏ. ஷீல்டு இறுதிப் போட்டி. எதிரணி கிழக்கு யார்க்‌ஷயர் ரெஜிமெண்ட், வெள்ளைக்காரப் பட்டாளம்! முதல் கோல் அவர்களுக்கு. கேப்டன் ஷிப்தாஸ் பாதுரி சமன் செய்தார். கடைசி நிமிடங்களில் அபிலாஷ் கோஷ் அடித்த கோலில் 2-1 என வெற்றி. ஷீல்டை வென்ற முதல் இந்திய அணி அதுதான்.

அனைவரும் வெறுங்காலோடு ஆடியதாகவே பலரும் சொல்வார்கள். உண்மையில் வெறுங்காலோடு ஆடியவர்கள் பத்துப் பேர். சுதிர் சாட்டர்ஜி பூட்ஸ் போட்டிருந்தார். ஆள்பவனை அடிமை வென்ற கதைக்கு வெறுங்கால்தான் பொருத்தமாக இருந்தது. அதனால் அந்த பூட்ஸை ஊர் மறந்தது. ஆண்டுதோறும் ஜூலை 29-ஐ மோகன் பகான் தினமாகக் கொண்டாடும்போது, சுதிரையும் பூட்ஸோடு நினைப்பதே நியாயம்.