துறவியர் கட்டிய சத்திரம்

இங்கிலாந்து நாட்டின் சிற்றூர்களில் பெரும்பாலும் இரண்டு கட்டடங்கள் நம் கண்ணில் படும். ஒன்று, கோபுரம் உயர்ந்த பழைய ஆலயம். மற்றொன்று, வாசலில் பெயர்ப்பலகை தொங்கும் மதுவிடுதி. முன்னது இறைவனுக்குரியது, பின்னது உலகுக்குரியது என்று நாம் எளிதாகப் பிரித்துவிடுவோம். ஆனால் சாமர்செட் பகுதியில், பாத் நகருக்குத் தெற்கேயுள்ள நார்ட்டன் செயின்ட் பிலிப் என்னும் சிற்றூரின் விடுதி இப்பிரிவினைக்குள் அடங்குவதில்லை. 'ஜார்ஜ்' என்னும் அவ்விடுதியைக் கட்டியவர்கள் துறவிகள். அதுவும் பேசாநோன்பு காக்கும் கர்த்தூசியன் சபைத் துறவிகள்!

புனித புரூனோ 1084-இல் தொடங்கிய சபை அது. ஒவ்வொரு துறவிக்கும் தனிக் குடில். உணவுகூடச் சுவரிலுள்ள சிறு திறப்பின் வழியே வரும். அச்சபையின் மடமொன்று நார்ட்டனுக்கு ஏறக்குறைய இரண்டு மைல் தொலைவில் ஹின்டனில் எழுந்தது. அதனை நிறுவியவர் சால்ஸ்பரி சீமாட்டி எலா. கணவர் தொடங்கி வைத்த துறவுமடம் இடவசதியின்றித் தவித்தபோது, கைம்பெண்ணான அவர் தம் நிலத்தை அத்துறவிகளுக்கு அளித்தார். 1232-ஆம் ஆண்டு ஒரே நாளில் லேக்காக்கில் கன்னியர் மடத்தையும் ஹின்டனில் துறவியர் மடத்தையும் அவர் நிறுவியதாக வரலாறு கூறுகிறது. பின்னாளில் லேக்காக்கில் தாமே துறவு பூண்டு, அம்மடத்தின் தலைவியாகவும் விளங்கினார்.

தனிமையை நாடியவர்களுக்குச் சத்திரம் எதற்கு? விடை ஆட்டுமந்தையில் இருக்கிறது. அக்கால இங்கிலாந்தின் செல்வம் கம்பளியே. மடத்தின் வாழ்வும் ஆடுகளை நம்பியிருந்தது. நார்ட்டனில் கம்பளிச் சந்தை கூடியது, வணிகர்கள் வந்தனர். அவர்களை மடத்திற்குள் அழைத்தால் மௌனம் குலையும். தெருவில் விட்டால் அன்பு குலையும். ஆகவே இரண்டையும் காக்கவே சந்தை கூடும் ஊரில் ஒரு சத்திரம் எழுந்தது என்று கருத இடமுண்டு. விருந்தினரைக் கிறிஸ்துவாகவே எண்ணி ஏற்க வேண்டும் என்று புனித ஆசீர்வாதப்பர் தம் துறவியர்க்கு வகுத்த நெறி அக்காலத் துறவுலகம் முழுவதும் அறிந்த ஒன்றன்றோ?

14, 15-ஆம் நூற்றாண்டுகளில் உருப்பெற்ற அக்கட்டடம் இன்றும் நிற்கிறது. தரைத்தளம் கல்லால் ஆனது. மேலுள்ள இரு தளங்களும் மரச்சட்டங்களால் பின்னப்பட்டு, தெருவை நோக்கிச் சற்றே முன்தள்ளி நிற்கின்றன. கீழே உணவும் படுக்கையும்; மேலே சந்தைச் சரக்குகளுக்கு இடம். 1397 முதலே மது விற்கும் உரிமை பெற்றிருப்பதாக அவ்விடுதி பெருமையுடன் சொல்லிக்கொள்கிறது.

பின்பு வந்தது எட்டாம் ஹென்றியின் காலம். 1535-இல் இலண்டன் கர்த்தூசியன் மடத்தலைவரும் அவர்தம் தோழர்களும் மன்னரைத் திருச்சபையின் தலைவராக ஏற்க மறுத்துத் தூக்கிலிடப்பட்டனர். 1539-இல் ஹின்டன் மடமும் அரசிடம் ஒப்படைக்கப்பட்டது. இன்று அங்கே எஞ்சியிருப்பவை சில கட்டடப் பகுதிகளே. துறவிகள் செபித்த இடம் சிதைந்தது. அவர்கள் பிறருக்காகக் கட்டிய இடமோ நிலைத்தது. 1668-ஆம் ஆண்டு சூன் 12-ஆம் நாள், நாட்குறிப்பால் புகழ்பெற்ற சாமுவேல் பீப்ஸ் இவ்வூரில் நன்றாக உணவருந்திப் பத்து ஷில்லிங் கொடுத்ததாகக் குறித்திருக்கிறார்.

அதற்குப் பதினேழு ஆண்டுகளுக்குப் பின் அதே வாசலில் வாளேந்தியவர்கள் வந்தனர். 1685-இல் மன்னர் இரண்டாம் ஜேம்சுக்கு எதிராக, அவருடைய அண்ணன் மகனான மான்மத் கோமகன் கலகக்கொடி தூக்கினார். அவர் பின்னே திரண்டவர்களில் பெரும்பாலோர் நெசவாளரும் உழவருமே. சூன் இறுதியில் மான்மத் இவ்விடுதியில் தங்கினார். சூன் 27 அன்று ஊருக்குள் நுழையும் குறுகிய சந்தில் சண்டை மூண்டது. அரச படையின் முன்னணியை நடத்தியவர் கிராஃப்டன் கோமகன். அவரும் மான்மத்தும் ஒரே தந்தைக்குப் பிறந்தவர்கள்! அன்றிரவே கலகப்படை பின்வாங்கியது. சூலை 6-இல் செட்ஜ்மூர் களத்தில் எல்லாம் முடிந்தது.

போரினும் கொடியது அதன் பின் நடந்தது. நீதிபதி ஜெஃப்ரீஸ் ஊர் ஊராகச் சென்று விசாரணை நடத்தினார். சுமார் 300 பேர் கொல்லப்பட்டனர். 800-க்கும் மேற்பட்டோர் கடல்கடந்த தீவுகளுக்குக் கொத்தடிமைகளாக அனுப்பப்பட்டனர். நார்ட்டனிலும் பன்னிருவர் உயிர் நீத்தனர். விசாரணை ஜார்ஜ் விடுதியிலேயே நடந்தது என்பது ஊர் வழக்கு. வின்செஸ்டரில் ஆலிஸ் லைல் என்னும் முதிய சீமாட்டியின் தலை வெட்டப்பட்டது. அவர் செய்த குற்றம் என்ன? ஓடிவந்தவர்களுக்கு ஓரிரவு தம் வீட்டில் இடம் தந்ததே!

இங்கே நாம் சற்று நின்று எண்ணிப் பார்க்க வேண்டும். மடங்களை அழித்த ஹென்றியைப் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. ஆனால் இக்கொடுமைகள் நிகழ்ந்தது ஒரு கத்தோலிக்க மன்னரின் பெயரால். ஜேம்ஸ் நம் விசுவாசத்திற்காகத் தம் அரியணையை இடர்ப்படுத்தியவர்தாம். 1688-இல் அதை இழக்கவும் செய்தார். ஆயினும் அந்நியரை வரவேற்றதற்காக ஒரு மூதாட்டியைத் தண்டித்தபோது, இறுதித் தீர்ப்பு நாளில் நம்மிடம் எது கேட்கப்படும் என்று ஆண்டவர் உரைத்ததை அவ்வரசு மறந்தது. விசுவாசத்தின் பெயரை மட்டும் தாங்கி நிற்பது எத்துணை ஆபத்தானது!

அண்மைப் பத்தாண்டுகளில் இங்கிலாந்தின் சிற்றூர் விடுதிகள் பல மூடப்பட்டுவிட்டன. சில ஊர்களில் மக்களே பங்குபோட்டு அவற்றைக் காப்பாற்றியிருக்கின்றனர். கம்பிரியா பகுதியின் ஹெஸ்கெட் நியூமார்க்கெட் என்னும் ஊரில் 'பழைய மகுடம்' என்னும் பொருள்படும் பெயர்கொண்ட விடுதியை ஊரார் 2003-இல் கூட்டுறவாக வாங்கினர். மதுவுக்காக மட்டுமா வாங்கினர்? வழிப்போக்கருக்கும் தனித்திருப்பவருக்கும் குளிர்காய ஓர் அடுப்பும், பேச ஒரு துணையும் வேண்டும் என்றே வாங்கினர்.

நார்ட்டனின் கல்வாசல் வணிகரை ஏற்றது, கலகக்காரரை ஏற்றது, ஊர் வழக்கின்படி நீதிபதியையும் ஏற்றது. அதைக் கட்டியவர்களின் பெயரொன்றும் அதில் பொறிக்கப்படவில்லை. நம் பங்கு ஆலயங்களின் பெரிய கல்வெட்டுகளில் நன்கொடையாளர் பெயர்கள் நிறைந்திருக்கின்றன. அவ்வாசல்களில் இரவில் வந்து தட்டும் அந்நியருக்கு ஒரு பாயும் ஒரு கவளமும் நம்மிடம் உண்டா?