காலண்டர் சாமியும் விக்டோரியா காலத்து ஓவியமும்

கம்பம், சின்னமனூர் கடைகள்ல தொங்கற லட்சுமி, சரஸ்வதி காலண்டரைக் கொஞ்சம் உத்துப் பாருங்க. சேலை நம்மூரு, வெளிச்சம், நிழல் எல்லாம் ஐரோப்பா பாணி.

விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் லெய்ட்டன் போன்றவர்கள் கிரேக்கப் புராணங்களை ஆயில் பெயிண்டிங்கா வரைஞ்சிட்டிருந்தப்போ, நம்ம மலைக்கு அந்தப் பக்கம் திருவிதாங்கூர்ல ரவிவர்மா (1848–1906) அதே பாணியில சகுந்தலை, தமயந்தின்னு வரைஞ்சாரு. அரண்மனைச் சுவரோட நின்னிருந்தா நமக்கென்ன? 1894-ல் பம்பாயில் அச்சகம் போட்டு, சாமி படங்களை அச்சடிச்சு வித்தாரு.

விஷயமே அங்கதான். தலித்துகளுக்குத் திருவிதாங்கூர் அரசுக் கோயில்கள் திறந்தது 1936-ல். மதுரை மீனாட்சி கோயில் 1939-ல். அதுக்கு நாற்பது வருஷம் முன்னாடியே சாமி காகிதத்துல ஏறி வெளிய வந்தாச்சு. வாங்கக் காசு வேணும்தான்; ஆனா காகிதம் சாதி கேக்கலை.

'வெறும் காலண்டர் ஆர்ட்'னு விமர்சகர்கள் உதட்டைப் பிதுக்கட்டும். கோயிலுக்கு முன்னாடி கதவைத் திறந்தது அந்த அச்சு மிஷின்தாங்க. நீங்க என்ன சொல்றீங்க?